சன்ட்ரி என்ற சொல்லும் ஆறாம் நம்பர் மலையும்

நான் ஒரு ஆங்கிலச் சொல்லோடு எட்டு மாதம் தனியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். தீபாவளிக்கு வருவார், சில தீபாவளிக்கு வரமாட்டார். பிள்ளை குட்டி இல்லை. இருந்த ஒரே சிநேகிதியோடும் பேச்சை நிறுத்தியிருந்தேன். ஆகவே பேச்சுத் துணைக்கு மிஞ்சியது அந்தச் சொல் ஒன்றுதான். சன்ட்ரி.

எங்கள் தோட்டம் வட்டகொடைப் பக்கம். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியதும், வெளிவேலைகளைப் பார்க்கும் கண்டாக்கையா அன்றைய வேலைகளை ஒரு பலகையில் எழுதி, இன்னார் இன்ன வேலைக்கு என்று வாசிப்பார். பலகையில் எழுதுவது ஆங்கிலத்தில். முதலில் கொழுந்து, அதற்குக் கீழே செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து, எல்லாவற்றுக்கும் அடியில் சன்ட்ரி. நாங்கள் குடியிருக்கும் லயத்தில் அதைச் சில்லறை வேலை என்போம். மழைத் தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவு பண்ணுவது, புல் வெட்டுவது, நாற்றுமேடைக்கு மண் அரிப்பது, பங்களா ரோட்டில் விழுந்த கிளைகளைப் பொறுக்குவது, இப்படி ஒரு பெயருக்குள் அடங்காத வேலை எல்லாம் அதில் சேரும். அதற்குப் போகிற ஆட்களும் அப்படித்தான். வயிற்றுப் பிள்ளைக்காரி, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், கை முறிந்தவர், கங்காணியை எதிர்த்துப் பேசியவர். நான் இவர்களில் எவரும் இல்லை. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் உயர்தரம் வரை படித்தவள். பரீட்சை எழுதிய வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்கு இறங்கிவிட்டேன். படிப்பு போனது, ஆங்கிலம் மட்டும் போகவில்லை. மருந்துப் போத்தலோ, வக்கீல் கடிதமோ, வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பமோ, ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது நான் இருக்கும் காம்பராவுக்குத்தான் வரும். வாசித்துச் சொல்வேன். வாசித்துச் சொல்லும்போது குரல் ஒரு சுற்று பெருத்துவிடும். அந்தத் தலைக்கனம் எனக்கு உண்டு. இல்லையென்று எழுதினால் எங்கள் லயமே சிரிக்கும்.

சிநேகிதி என்று சொன்னேன் அல்லவா, அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வருடம் கொழுந்து மலையில் எனக்கு இடது பக்கத்து நிரை அவருடையது. நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை. மலைக்குப் போனதும் கங்காணி ஆளுக்கொரு நிரையாகப் போட்டுக்கொண்டு போவார். யாருக்குப் பக்கத்தில் யார் என்ற அந்த ஒழுங்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி சுகமில்லாமலோ பிள்ளைப்பேற்றுக்கோ நின்றுவிட்டால், பக்கத்து நிரைக்காரி அவளுடைய நிரையையும் சேர்த்து எடுப்பாள். எடுக்கிற வரைக்கும் அந்த இடம் அவளுக்கு இருக்கும். இனி எனக்கு ஏலாது என்று பக்கத்து நிரைக்காரி சொல்லுகிற அன்றைக்கு ஒழுங்கை மூடிவிடுவார்கள், எல்லோரும் ஒரு நிரை தள்ளி நிற்பார்கள். ஒரு வாரம் எடுப்பாள், மிஞ்சினால் ஒரு மாதம். அதற்கு மேல் எவளும் எடுத்து நான் பார்த்ததில்லை.

இருபத்தாறு வருடத்தில் அக்காவிடம் நான் பேசிய பேச்சில் கால்வாசிகூட என் வீட்டுக்காரரிடம் பேசியதில்லை. கைகள் பாட்டுக்குக் கொழுந்தை ஒடிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். அவர் மகள் வயதுக்கு வந்தது, என் வீட்டுக்காரரின் போன் வராத மாதங்கள், எந்த வீட்டில் யார் யாரோடு சண்டை, எல்லாம் செடிகளுக்கு மேலாகப் போய்வந்தன. நான் இரண்டு நாள் பேசாமல் இருந்தால் மூன்றாம் நாள் அக்காவே ஆரம்பிப்பார்: "என்ன புள்ள, வாய அடகு வச்சிட்டியா?"

சண்டை வந்தது தேத்தண்ணி நேரத்தில். அக்காவின் மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். ஏதோ ஒரு கடதாசியில் அக்கா கையெழுத்துப் போட்டு, சரியா என்று என்னிடம் நீட்டினார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இது கையெழுத்தாக்கா? கோழி கிண்டி வச்சமாதிரி இருக்கு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே கடதாசியை மடித்தார். மடித்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் கோணல். ஒனக்கு என்ன, வீட்டுக்காரரு வந்தா என்ன வராட்டி என்ன, நீ இங்கிலீசோடவே குடும்பம் நடத்திருவ."

இந்தத் தடவை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. தேத்தண்ணி வாயில் இருந்தவள் ஒருத்திக்குப் புரை ஏறிவிட்டது. எனக்குக் காது சுட்டது. நான் செய்ததும் அதேதான் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கங்காணியிடம் போனேன்.

"கங்காணியண்ணே, நாளையிலருந்து என்னைய சில்லறைக்குப் போடச் சொல்லுங்க. இவங்க பக்கத்துல நிக்க எனக்கு ஏலாது."

"கோவத்துல பேசாத புள்ள."

"கோவத்துலதான் பேசுறேன். போடுங்க."

போட்டார்கள். ஆறாம் நம்பர் மலைக்கு மேலே ஓடும் பெரிய கானைத் துப்புரவு செய்யும் வேலை. மழைக்கு மண் சரிந்து அடைத்துக்கொண்டே இருக்கும், வாரி எறிந்துகொண்டே இருக்க வேண்டும், முடிவில்லாத வேலை. தூரத்துக்கு ஒருவராகப் பிரித்துவிடுவார்கள். எனக்கு விட்ட பகுதியில் நான் மட்டும். முதல் நாள், மூன்று நாளில் அக்கா வந்து கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். வாயை அடகு வைத்தாயா என்று கேட்க வேண்டியவர் அவர்தானே. மூன்று நாள் போனது. ஒரு வாரம் போனது. கோயிலில் ஒரு தரம், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு தரம் எதிரே வந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன், அவரும் பார்த்தார். பிறகு அவருடைய நேரத்தில் நான் தண்ணீருக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

கொழுந்து மலையில் நாள் போவது தெரியாது. கானில் ஒவ்வொரு மணி நேரமும் வந்து முன்னால் நிற்கும். பத்து மணிக்குத் தேத்தண்ணியைத் தனியாகக் குடிப்பேன். பகலில் ரொட்டியைத் தனியாகத் தின்பேன். மத்தியானம் மூட்டம் இறங்கிவிட்டால் கீழே மலையும் தெரியாது, மேலே ரோட்டும் தெரியாது. மண்வெட்டி கல்லில் படுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை என்பது சாயங்காலம் காம்பராவுக்கு வந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. குரல் கரகரத்துக்கொண்டு வந்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கானோரம் நின்ற ஒரு சவுக்கு மரத்தடியில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்துதான் ஒரு பகல் நேரம் அந்தச் சொல்லைத் தேடினேன். பலகையில் தினமும் என் பெயருக்கு மேலே எழுதியிருக்கிறதே, எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம் என்று. பலவிதமான, பலவகையான என்று பொருள் போட்டிருந்தது. அது எனக்கும் தெரியும். அதற்குக் கீழே பிறப்பு வரலாறு இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பலவிதம் என்ற பொருளே இல்லையாம். தனியான, பிரிந்து நிற்கிற, தனக்கே உரிய என்பதுதானாம் பொருள். இரண்டாகப் பிளப்பதைச் சொல்லும் சன்டர் என்ற சொல் அதற்குக் கூடப்பிறந்ததாம். ஒவ்வொன்றும் தனி, ஒவ்வொன்றும் தனி என்று காலம் காலமாகச் சொல்லிக்கொண்டே வந்து, தனித்தனியாக நின்றவை பலவாகிப்போனதும், பலவிதமான என்று அர்த்தம் மாறிவிட்டதாம்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்வதற்கு ஆள் கீழே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லை விடவில்லை. பலவிதம் என்று சொல்ல ஆங்கிலத்தில் வெரைட்டி என்ற சொல் இருக்கிறது. அதற்கு ஒரு மினுக்கு உண்டு. துணிக்கடை விளம்பரத்தில் தொங்கும், சாப்பாட்டுக் கடைப் பலகையில் தொங்கும். சன்ட்ரிக்கு மினுக்கு இல்லை. பெயர் வைக்க மெனக்கெடாதவற்றை எல்லாம் அள்ளிப்போட்டு, மேலே ஒட்டி வைக்கும் சீட்டு அது. எல்லோரும், ஒருவர் விடாமல் என்று சொல்ல ஆல் அண்ட் சன்ட்ரி என்பார்கள். மொத்தமாக எல்லோரையும் சொல்லிவிட்டு, அது போதாதென்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக இன்னொரு தரம் சொல்லுகிற மாதிரி. ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட் ஆட்டத்தில், மட்டையில் படாமல் வருகிற ஓட்டங்களுக்கு சன்ட்ரீஸ் என்று பெயராம். நாங்கள் எக்ஸ்ட்ராஸ் என்போம். அணிக்குச் சேரும், ஆனால் எந்த ஆட்டக்காரனின் பெயரிலும் சேராது. கான் வாருகிறவளுக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து நன்றாக வந்தால் கொழுந்து எடுத்தவர்களைச் சொல்வார்கள். தண்ணீர் அரிக்காமல் கானைக் காத்தவளை யார் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பசாருக்குப் போனேன். பழைய கடை ஒன்றின் பெயர்ப் பலகையில் ஆங்கிலத்தில் வரிசையாகச் சாமான்களை எழுதி, கடைசியில் சன்ட்ரீஸ் என்று முடித்திருந்தது. இத்தனை வருடம் அந்த வழியாகப் போயும் கண்ணில் படாதது, அன்றைக்குப் பட்டது. உள்ளே போய் முதலாளியிடம் அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அதும்மா, எங்க தாத்தா காலத்துப் போர்டு. எல்லாச் சாமானும் இருக்குன்னு அர்த்தம்."

"மொதல்ல தனித்தனின்னுதான் முதலாளி அர்த்தம் இருந்துச்சாம்."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தனித்தனியாவும் குடுப்போம்மா. என்ன வேணும்?"

ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மனிதர்களோடு பேசியது அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது இதை அக்கா கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

கோபத்தைக் காய்ந்துபோகாமல் வைத்திருக்க எனக்கு ஒரு காட்சி கிடைத்திருந்தது. ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கிற நாட்களில், மூட்டம் இல்லாவிட்டால், கானிலிருந்து பார்த்தால் எங்கள் கொழுந்துக்காரிகளின் செட்டு முழுவதும் தெரியும். அந்த உயரத்திலிருந்து நிரைகள் பிரிந்து தெரியாது. பச்சைக்கு நடுவே தலைகள்தான் தெரியும். அக்காவின் சிவப்புத் தலைத்துண்டை எனக்கு எங்கிருந்தாலும் தெரியும். அந்தத் துண்டு எப்போது பார்த்தாலும் எல்லோருக்கும் பின்னால்தான் நின்றது. மற்றவர்கள் மேட்டை எட்டிவிட்டிருப்பார்கள், அது பாதி மலையில் கிடக்கும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போகும்போதும் அதுதான் கடைசி. கங்காணி கையை ஆட்டி ஏதோ சத்தம் போடுவது தெரியும். செட்டிலேயே கை வேகத்துக்குப் பெயர் போனவர் அக்கா. அவர் இப்படிப் பின்தங்குவதைப் பார்க்க எனக்குள் ஒரு திருப்தி வந்தது. நான் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்ததால்தான் அந்தக் கை அப்படி ஓடியது, இப்போது பார், நான் இல்லாமல் நொண்டுகிறது என்று நினைத்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தன்னந்தனியாக, அந்தக் கானுக்குள் நின்று சிரித்தேன்.

என் இடம் போய்விட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நான் கானுக்கு வந்த மறுவாரமே செட்டுக்கு ஒரு புதுப் பெண் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சரி, ஒழுங்கை மூடிவிட்டார்கள், என் நிரையில் அவள் நிற்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஆசை இருப்பதாக நினைத்துவிடுவார்களே. செட்டுப் பெண்களோ, எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே கல்லாக இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

எட்டாவது மாதம், ஒரு தூறல் நாள், கங்காணி மேலே ஏறி வந்தார். அவர் கானுக்கு வருகிற ஆள் இல்லை. சாக்கைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி நின்றார்.

"ஒங்கக்காவுக்குக் கை தூக்க ஏலாமப் போச்சு. நிரையிலேயே ஒக்காந்துருச்சு. டிஸ்பென்சரிக்குப் போயிட்டு இப்ப வீட்டுலதான் இருக்கு" என்றார்.

"அதுக்கு என்கிட்ட ஏன் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். இவ்வளவு மட்டமாகவும் என் வாயால் பேச முடிந்தது.

"அந்த ரெண்டு நிரையும் எடுக்க ஆளில்லாம பத்தையா வளந்துரும்ல. நீ வர்றியா, இல்ல ஒழுங்க மூடிறவா? அத ஒன்கிட்டதான் கேக்கணும்."

"எந்த ரெண்டு நிரை?"

கங்காணி சாக்கை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன புள்ள கேக்குற? அதோடதும் ஒன்னோடதும்தான். எட்டு மாசமா ரெண்டையும் அதுதானே எடுக்குது. பிந்துது பிந்துதுன்னு நான் ஏசாத நாளு இல்ல. 'அது அவ நிரை, கோவம் தீந்தா வருவா'ன்னு சொல்லிக்கிட்டே எடுத்துச்சு."

புதுப் பெண்ணைப் பற்றிக் கேட்டேன். அவளை ஒழுங்கின் கடைசியில் நிறுத்தியிருக்கிறது என்றார். பிறகு பதிலுக்குக் காத்து நின்றார். கான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் மேலே நின்று சிரித்த ஒவ்வொரு நாளும் அந்தச் சிவப்புத் துண்டு கீழே என்னுடைய செடிகளுக்குள் நின்றிருக்கிறது. வருகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கீழ் லயத்துக்கு இறங்கினேன்.

அக்கா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. வாசலில் நின்ற நான் எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், "எதுக்குக்கா இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். கேட்டது அதட்டல் மாதிரி வந்தது.

"என்னத்தச் செஞ்சேன்? நிரை பத்தையாப் போயிருமேன்னு எடுத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீயும்தான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

நான் படியில் உட்கார்ந்தேன். தோள் எப்போதிருந்து நோகிறது என்று கேட்டேன். வயதுக்கு நோகிறது என்றார். இரண்டு நிரை எடுத்ததால் இல்லையா என்று கேட்டதற்கு, "ஒனக்கு எல்லாத்துலயும் நீதான் காரணமா இருக்கணுமா?" என்றார். பிறகு இடது கையால் இடுப்பிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"டிஸ்பென்சரி ஐயா குடுத்தாரு. இங்கிலீசுல இருக்கு. வாசி."

ஒரே ஒரு வரி. கொழுந்து வேலைக்குத் தகுதியில்லை, நிரந்தரமாக. சன்ட்ரி மட்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேருடைய கடதாசிகளைக் குரலைப் பெருக்கி வாசித்தவள், எனக்கு இந்த மொழி தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளைக்குக் கொழுந்துக்குப் போகக்கூடாதாம். சில்லறைக்குப் போகட்டுமாம்" என்றேன்.

"எத்தன நாளைக்கு?"

"ஒரு மாசம்."

"ஒரு மாசந்தானே" என்றார் அக்கா. சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். உள்ளே போய் இடது கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு ஒருவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன்.

மறுநாள் நான் நிரைக்குத் திரும்பினேன். அக்கா நாற்றுமேடைக்கு மண் அரிக்கப் போனார், அது மலைக்கு அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது. ஒரு மாதம் என்று சொன்ன வாய்க்கு, அவருடைய நிரையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டு நிரைக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையை எட்டி எட்டி எடுக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலமே தலைக்கு மேல் கையைத் தூக்கித் தலைமுடி கட்ட முடியவில்லை. நானும் எல்லோருக்கும் பிந்தினேன், நானும் ஏச்சு வாங்கினேன். இதை ஒரு மாதம் செய்தேன், மாதம் முடிந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே. அக்கா ஒவ்வொரு சாயங்காலமும் பீலிக்கரையில் கேட்பார்: "நிரை எப்படிக் கெடக்கு?" நான் சொல்வேன்: "நல்லாக் கெடக்குக்கா. நீங்க வந்து பாருங்க."

மாதம் முடிந்த மறுநாள் பெரட்டுக்கு அக்கா படங்கைக் கட்டிக்கொண்டு வந்தார். கூடையும் இருந்தது. பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவர் நேராக வந்து எனக்கு இடது பக்கத்தில் நின்றார். தோள் என்மேல் பட்டுக்கொண்டிருந்தது. கண்டாக்கையா வாசிக்கத் தொடங்கினார். கொழுந்துக்கு என் பெயர் வந்தது, எங்கள் செட்டு முழுவதும் வந்தது, அக்காவின் பெயர் வரவில்லை. கவ்வாத்து முடிந்தது. சன்ட்ரி என்றார். முதல் பெயரே அக்காவுடையது.

எனக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. "அக்கா, அந்தச் சீட்டுல…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "இனிமே கொழுந்துக்கு ஏலாதுன்னு டிஸ்பென்சரி ஐயா வாயால சொல்லித்தான் குடுத்தாரு. நீ எப்படி வாசிக்கிறன்னு பாக்கத்தான் ஒன்கிட்ட நீட்டுனேன்."

நான் அவரைப் பார்த்தேன்.

"எழுதியிருக்கிறத அப்படியே வாசிச்சிருந்தீன்னா எந்திரிச்சு உள்ள போயிருப்பேன். ஒரு மாசம்னு வாசிச்ச. அப்பத்தான் ஒம்மேல இருந்த கோவம் போச்சு."

"அப்பறம் ஏங்க்கா படங்கக் கட்டிக்கிட்டு வந்தீங்க?"

"நீ பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு மாசம் என் நிரைய எடுத்த. நான் ஒரு நாளாச்சும் வந்து நிக்க வேணாமா?"

சொல்லிக்கொண்டே படங்கின் முடிச்சை இடது கையால் அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன். அதைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டிப் போன கங்காணியைக் கூப்பிட்டார்.

"கங்காணியாரே, இன்னையிலருந்து இவளுக்கு ஒரு நிரை போடுங்க. ரெண்டு போட்டா இவ தோளும் போயிரும்."

பிறகு நாற்றுமேடைப் பாதையில் ஏறிப் போய்விட்டார். மலையில் கங்காணி ஒழுங்கை மூடி, எனக்கு இடது பக்கத்தில் வேறொருத்தியை நிறுத்தினார். நல்ல பெண்தான், அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள், தேத்தண்ணி நேரத்தில் ரொட்டியில் பாதி பிய்த்துக் கொடுத்தாள். அன்று முழுவதும் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.